தெருவுக்குள்ளே நிறைவேற வேண்டிய தீர்மானம்

ஓசூரில் எந்த நகரில் நலச்சங்கக் கூட்டம் நடந்தாலும் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "மனு கொடுத்தோம், கவுன்சிலரைப் பார்த்தோம், ஆணையர் அலுவலகம் வரை போய்விட்டு வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை." சொல்பவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். சிப்காட்டில் வேலை; இல்லையென்றால் தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் வேலை. இருபது வருடத் தவணையில் கட்டிய வீடு, வாசலில் மண் சாலை, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபம் வீணாகப் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் வேலைக்காலம் முழுவதும் நகராட்சிகளின் பொறியியல் பிரிவில் கழிந்தது. மக்கள் மனுவை நீட்டும் மேசைக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஒரு தெருவின் திட்டம் மன்றக் கூட்டத்தில் தோற்பது அபூர்வம். மன்றத்துக்கு வருவதற்கு முன்பே அது தோற்றிருக்கும், பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே. கேட்கப்பட வேண்டிய ஒருவரைக் கேட்காமல் விட்டிருப்பார்கள். பார்க்கப்பட வேண்டிய ஒரு காகிதத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

காகிதத்தில் இருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் அதுதான் முதல் முள்.

ஓசூர் திட்டமிட்டு வளர்ந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தொழிற்பேட்டை திட்டமிட்டு வந்தது உண்மை. 1971-ல் சிப்காட் நிறுவனம் உருவானது; அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தார்கள். 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டனும் வந்துவிட்டது. ஆனால் ஆலைக்குள் போன ஆட்கள் இரவில் எங்கே தூங்குவார்கள் என்று யாரும் வரைபடம் போடவில்லை. மூக்கண்டப்பள்ளியிலும் சூசூவாடியிலும் அவலப்பள்ளியிலும் ராகி விளைந்த மானாவாரிக் காடுகள் மனைகளாகின. கல் நட்டார்கள், சுண்ணாம்பு பூசினார்கள், ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற ஒரு சொல்லில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போய் விழுந்தது.

2011-ல் அந்த ஊராட்சிகள் சில நகராட்சியோடு சேர்ந்தன. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பலகை மாறியது, வரி ரசீதில் தலைப்பு மாறியது. மனைகளின் பழைய காகிதம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு ஒரு தெரு, மாநகராட்சியிடம் சாலை கேட்கிறது.

மனு உள்ளே போனதும் முதலில் எழும் கேள்வி "இந்தச் சாலை வேண்டுமா?" என்பதல்ல. "இந்தச் சாலை யாருடையது?" என்பதுதான். முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால் அதன் சாலைகளை உரிமையாளர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் இல்லாத சாலை, சட்டத்தின் கண்ணில் இன்னும் யாரோ ஒருவருடைய பட்டா நிலம். அதன் மேல் மாநகராட்சிப் பணத்தைக் கொட்டினால் தணிக்கையில் பொறியாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் கோப்பை ஓரமாக வைப்பதை மக்கள் அலட்சியம் என்று நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது பயம்.

இந்தச் சிக்கலுக்கு அரசு ஒரு வாசல் திறந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு அவை பொருந்தும். அந்த வாசலில் போன நம்மவர்களில் பெரும்பாலோர் தங்கள் தனி மனையை மட்டும் வரன்முறை செய்துகொண்டு திரும்பிவிட்டார்கள். விற்பதற்கும் வங்கிக் கடனுக்கும் அது போதும். சாலை? பூங்காவுக்கென்று விட்ட இடம்? "அது எல்லோருடையது, எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்." எல்லோருடையது என்று சொன்ன இடத்துக்கு ஒருவர்கூட காகிதம் எடுக்கவில்லை. கூட்டாக வாழ்வதில் நமக்கு இருக்கும் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் அத்தனை கறாராக இருக்கும் நாம், வாசற்படியைத் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறோம்.

எனவே ஒரு நலச்சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை மனு எழுதுவதல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, தங்கள் சாலைக்கும் திறந்தவெளிக்கும் தானப் பத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதன் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். மாதக்கணக்கில் தேங்க வேண்டிய கோப்பு நகரத் தொடங்கும். இல்லையென்றால், மனையை விற்றவரோ அவருடைய வாரிசுகளோ உயிரோடு, ஊரோடு இருக்கும்போதே பிடித்து எழுதி வாங்குங்கள். நாளாக ஆக இது கடினமாகும். ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகு இந்தப் பக்கத்து நிலத்தின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மனையை விற்றவர் ஒரு வெற்றிலைத் தட்டோடு எழுதிக் கொடுத்திருப்பார். இன்றைக்கு அவருடைய பேரன் சதுர அடிக்குக் கணக்குப் போடுவான்.

அடுத்தது வாட்டம். கொத்தனாரும் மேஸ்திரியும் சொல்லும் இந்தச் சொல்லை ஒவ்வொரு நலச்சங்கமும் கற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? தெருக்காரர்கள் "எங்களுக்கு 200 மீட்டர் கால்வாய் வேண்டும்" என்று கேட்பார்கள். அந்த 200 மீட்டர் எங்கே போய் முடியும் என்று மனுவில் இருக்காது. ஓசூர் மேடும் பள்ளமுமான ஊர். ஒரு காலத்தில் ஏரிக்கு ஏரி தண்ணீர் கடத்திய ராஜகால்வாய்கள் பல இடங்களில் வீட்டுச் சுவருக்கு அடியில் இருக்கின்றன. மேல் தெருவுக்குக் கால்வாய் கட்டினால் கீழ்த் தெரு மூழ்கும். பொறியாளர் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். வெளியே வந்து, "உங்கள் தண்ணீரை அடுத்த வார்டுக்காரர் வீட்டுக்குள் விட என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்று சொல்ல மாட்டார். சொன்னால் நல்லது, ஆனால் அப்படிச் சொல்லும் பழக்கம் நம் அலுவலகங்களில் வளரவில்லை. அதனால் கீழ்த் தெருக்காரரை முதலில் பார்க்க வேண்டியவர்கள் மேல் தெருக்காரர்களே. இரண்டு தெருவும் சேர்ந்து, ஓடை வரைக்குமான ஒரே கால்வாயாகக் கேட்டால் மதிப்பீட்டுத் தொகை பெரிதாகும், உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பில் நியாயமான ஆட்சேபணை என்று ஒன்று மிச்சம் இருக்காது.

பெங்களூரின் கழிவு, தென்பெண்ணையில் இறங்கி, நுரை பொங்கக் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்வதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நாம். மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவரை நினைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஓசூர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த நினைப்பு நம் சொந்தத் தெருவிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிதமும் வாட்டமும் சரியாக இருந்தால் கோப்பின் பயணம் ஓரளவு நேரானது. பொறியாளர் மதிப்பீடு போடுவார். தொகைக்குத் தக்கபடி மேல்மட்டப் பொறியாளரின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். நிதி எந்தக் கணக்கில் என்று முடிவாக வேண்டும். பிறகு மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏறும். கீழே ஓர் அலுவலகக் குறிப்பு, கடைசியில் "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்ற வரி. ஒரு கூட்டத்தில் இப்படி எத்தனையோ பொருள்கள் வரிசையாக வாசிக்கப்படும். ஓசூர் மாநகராட்சியில் 45 வார்டுகள். 45 உறுப்பினர்களும் தங்கள் வார்டின் பொருள் வரும்போது நிமிர்ந்து உட்காருவார்கள். விவாதம் இல்லாமல் நிறைவேறும் பொருளுக்குப் பின்னால், வெளியே எல்லா விவாதமும் முடிந்திருக்கும்.

நிதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1997-ல் தொடங்கி, இடையில் நின்று, 2021-க்குப் பிறகு மீண்டும் நடைமுறைக்கு வந்த நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. தனி ஆளும் கட்டலாம், சங்கமும் கட்டலாம், நிறுவனமும் கட்டலாம். நல்ல திட்டம். பணம் கட்டிய தெருக்காரர் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறார். சிமெண்ட் மூட்டையை எண்ணுகிறார். ஆனால் இதில் ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு திரட்டக்கூடிய தெரு, ஏற்கெனவே கொஞ்சம் வசதியான தெரு. வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களால் அது முடியாது. இங்கேதான் சிப்காட் ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை இறக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பேருந்து நிழற்குடையில் பெயர் எழுதுவதைக் காட்டிலும், தங்கள் தொழிலாளி குடியிருக்கும் தெருவின் மூன்றில் ஒரு பங்கைக் கட்டுவது பெரிய காரியம்.

வாடகைக்காரர் என்றதும், நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

2022-ல் தமிழ்நாடு அரசு மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் வார்டு குழுவும் பகுதி சபாவும் அமைக்க விதிகள் கொண்டுவந்தது. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே கலந்துகொண்டார். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மக்கள் கூடிக் குறைகளையும் தேவைகளையும் சொல்ல வேண்டும். அவை கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போகும், அங்கிருந்து மாநகராட்சிக்கு. என் பணிக்காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ கோப்புகள் பிழைத்திருக்கும்.

ஆனால் பகுதி சபாவின் உறுப்பினர் யார்? அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். ஓசூரில் இந்த ஒரு வரி எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து, ஒரு அறையில் பலராகத் தங்கி வார்ப்பாலைக்குப் போகும் இளைஞர்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிக் கைப்பேசிப் பாகங்கள் பொருத்தும் பெண்கள். பத்து வருடம் இங்கே குடியிருந்தும் ஓட்டைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள். இவர்கள்தான் அதிகாலை ஷிஃப்டுக்கு இருட்டில் நடந்து போகிறவர்கள். தெருவிளக்கு எங்கே எரியவில்லை என்று வீட்டுக்காரரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். தெருவின் திட்டத்தில் இவர்களுக்கு ஒரு வரி இருக்காது.

நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நகரின் நலச்சங்கம் திறந்தவெளி இடத்தைப் பூங்காவாக்கக் கேட்டது. காகிதம் சுத்தம், பங்களிப்புத் தொகை தயார், வரைபடம்கூட ஒரு கட்டடக் கலைஞரிடம் போட்டு வாங்கியிருந்தார்கள். சுற்றிலும் கம்பிவேலி, ஒரு வாயில், நடைபாதை, செடி. மன்றத்தில் பொருள் வந்தபோது, ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீட்டுக்காரர்கள் எந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போவார்கள் என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பொருள் ஒத்திவைக்கப்பட்டது. சங்கத்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அரசியல் என்றார்கள், பொறாமை என்றார்கள்.

நான் இடத்தைப் பார்க்கப் போனேன். பொதுக்குழாய் அந்தத் திறந்தவெளியின் முன்மூலையில் இருந்தது. பின்னால் இருந்த வீடுகளின் பெண்கள் அதன் நடுவே ஒற்றையடிப் பாதை போட்டிருந்தார்கள். அங்கன்வாடிக்குப் போகும் குழந்தைகளுக்கும் அதுவே வழி. வேலி வந்தால் அந்தப் பெண்கள் குடத்தோடு பெரிய சாலையைச் சுற்றி வர வேண்டும். வரைபடம் போட்டவருக்கு அந்தப் பாதை கண்ணில் படவில்லை. சங்கத்துச் செயலாளர், பாவம், தினமும் அதைப் பார்த்தவர்தான். ஆனால் அந்தப் பெண்களை அவர் தெருக்காரர்களாக எண்ணிப் பார்த்ததில்லை. நல்ல மனிதர் அவர். நான் குறை சொல்லவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசை வீடுகளின் முன்னாலேயே கூட்டம் போட்டார்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் தெலுங்கு, சிலர் கன்னடம், ஒன்றிரண்டு பேர் உருது. தமிழ் புரியும், கூட்டத்தில் எழுந்து பேச வராது. சங்கத்தில் தெலுங்கு தெரிந்த ஓர் அம்மாவை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்கள். வேலியில் பின்பக்கமும் ஒரு வழி வேண்டும், குழாய் இடம் மாற வேண்டாம், இரவில் ஒரு விளக்கு வேண்டும் என்றார்கள். அந்த விளக்கு சங்கத்தின் வரைபடத்தில் இல்லவே இல்லை. எல்லாம் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்தினோம். அடுத்த கூட்டத்தில் பேச்சே இல்லாமல் நிறைவேறியது. அன்றைக்கு நான் கற்றதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை.

ஓசூரிலும் வேப்பனப்பள்ளியிலும் தளியிலும் நாலு மொழி புழங்காத தெரு குறைவு. தேர்தல் வந்தால் வேட்பாளர் வீட்டுக்கு வீடு மொழி மாற்றிப் பேசுகிறார். பகுதி சபாவில் மட்டும் ஏன் அது நடக்கக் கூடாது? "எவரைனா செப்பண்டி" (யாராவது சொல்லுங்கள்) என்று ஒருவர் தெலுங்கில் சொன்னால் போதும், மூலையில் நிற்கும் ஒரு பாட்டி பேச ஆரம்பிப்பார்.

இப்படி மக்களே கூடித் திட்டம் போடுவதற்கு இங்கிலாந்தில் ஒரு சட்டமே இருக்கிறது. 2011-ல் வந்த உள்ளூர்த் தன்னாட்சிச் சட்டப்படி ஒரு சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் பகுதிக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தாங்களே எழுதலாம். முதலில் ஆறு வாரம் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு உள்ளாட்சி மன்றம் அதை வாங்கி, இன்னொரு ஆறு வாரம் பொதுப்பார்வைக்கு வைக்கும். சார்பற்ற ஓர் ஆய்வாளர் படித்துப் பார்ப்பார். கடைசியில் அந்தப் பகுதியில் வாக்கெடுப்பு நடக்கும். பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் மன்றம் அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். கும்ப்ரியா மாவட்டத்தின் அப்பர் ஈடன் பகுதிதான் 2013 மார்ச்சில் முதலில் இப்படி வாக்களித்தது. பக்கத்துக் கேரளத்திலோ 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்துவிட்டு, கிராம சபையில் இருந்து திட்டத்தை எழுதி வாருங்கள் என்றது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரானால், ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் நேரில் பேச வேண்டும் என்று கோரினால், அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டும். நம் மனைக்கு எதிரே உள்ள நிலம் ஆலைக்கா, வீட்டுக்கா, விவசாயத்துக்கா என்று அடுத்த இருபது ஆண்டுக்கு நிர்ணயிக்கும் வரைபடம் அது. நாளிதழில் விளம்பரம் வரும். அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நில வியாபாரிகள். குடியிருப்பவர்கள் வரைபடம் உறுதியான பிறகு, ஆலை மதில் எழும்போதுதான் விழிக்கிறார்கள். வாசற்படிச் சாலைக்காக இத்தனை முறை நடக்கிற நலச்சங்கம், அந்த இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாமே.

கவுன்சிலர்களைத் திட்டுவது நமக்கு எளிதாக வருகிறது. கவுன்சிலரே இல்லாத காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர்களே மன்றமாக இருந்தார்கள். தீர்மானம் போடுவதும் அதை நிறைவேற்றுவதும் ஒரே கை. கோப்பு வேகமாக நகர்ந்தது என்று சிலர் இன்றும் மெச்சுகிறார்கள். தண்ணீர் எடுக்கப் போகும் வழியைக் கேட்க அங்கே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எல்லைக்கு அப்பால் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, அத்தனை பெரிய நகரம் வருடக்கணக்கில் அதிகாரிகள் கையில் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். சூளகிரி, பாகலூர்ப் பக்கம் மனை வாங்கிக் குடியேறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைவர் இல்லாத ஊராட்சியிலும் கிராம சபை கூடும், கூட வேண்டும். அங்கே எழுதப்படும் தீர்மானம்தான் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கு அடிப்படை. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம் என்று ஆண்டில் ஆறு நாள். இவற்றில் பல விடுமுறை நாட்கள். புது மனைக்காரர்கள் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

தீர்மானம் நிறைவேறியதும் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடாதீர்கள். தீர்மான எண்ணும் தேதியும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தப்புள்ளி கோரிப் பணி ஆணை கொடுத்த பிறகு, மதிப்பீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தில் நில்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அது கிடைக்கும். கான்கிரீட் எத்தனை சென்டிமீட்டர் கனம், அடியில் ஜல்லி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். பில் போடுவதற்கு முன் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் பதிய வருவார். அன்றைக்கு உங்களில் இரண்டு பேர் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க முன்வாருங்கள். நேர்மையான பொறியாளர் மகிழ்வார். என் காலத்தில் அப்படி யாராவது வந்த நாட்களில் எனக்குப் பெரிய தெம்பாக இருக்கும். அந்த இரண்டு பேரில் ஒருவர் பின்வரிசை வீட்டிலிருந்து வரட்டும்.